அல்பிரூனி: கிப்லாவுக்காகப் பூமியை அளந்த அறிஞர்

நில அளவைத் துறையிலும், பூமியின் வடிவத்தையும் அளவையும் ஆராயும் புவியளவியலிலும் முஸ்லிம் உலகம் தந்த பெரும் அறிஞர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அபூ ரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்பிரூனி. நம் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்தில் 'அல்பெருனி' என்ற பெயரில், இந்தியாவைப் பற்றி எழுதியவராக வருகிறாரே, அதே மனிதர்தான். பாடப்புத்தகம் அவரைப் பயணக் குறிப்பு எழுதியவராக மட்டுமே காட்டுகிறது. ஆனால் அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதி ஊர்களின் இருப்பிடத்தையும், அவற்றின் இடையே உள்ள தூரத்தையும், பூமியின் சுற்றளவையும் கணக்கிடுவதில்தான் கழிந்தது. அந்த வாழ்க்கையை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பிறப்பும் கல்வியும்

ஹிஜ்ரி 362 துல்ஹஜ் மாதம், அதாவது கி.பி. 973 செப்டம்பரில், குவாரிஸ்ம் நாட்டின் தலைநகரான காத் நகரின் புறப்பகுதியில் அவர் பிறந்தார். பாரசீக மொழியில் 'பிரூன்' என்றால் வெளியே என்று பொருள். நகருக்கு வெளியே பிறந்தவர் என்பதால் பிரூனி என்ற பெயர் வந்தது. அமூ தர்யா நதிக்கரையில் இருந்த அந்த ஊர் இன்று உஸ்பெகிஸ்தானில் உள்ளது. இப்போது அந்த ஊருக்கே அவருடைய பெயர்தான்.

அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் அபூ நஸ்ர் மன்சூர் இப்னு இராக். அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். கோள முக்கோணக் கணிதத்தில் தேர்ந்தவர். பூமி உருண்டை என்பதால் அதன் மேல் வரையும் முக்கோணங்களுக்குச் சாதாரண வடிவியல் போதாது, கோளக் கணிதம் வேண்டும். பிரூனியின் பிற்கால வேலை முழுவதற்கும் இந்தக் கல்விதான் அடித்தளம்.

சுமார் 17 வயதில், நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து காத் நகரின் அட்சரேகையைக் கண்டுபிடித்தார். 995-இல் இன்னும் பெரிய கருவி அமைத்து அவதானிப்புகளைத் தொடங்கினார். அந்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. காத் நகரின் அரச குடும்பம் வீழ்ந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத் தலைமறைவாகி, பின்னர் ஊரை விட்டே வெளியேறும் நிலை அவருக்கு ஏற்பட்டது. அப்போது அவருக்கு வயது 22.

வறுமையும் அலைச்சலும்

இன்றைய தெஹ்ரானுக்கு அருகில் உள்ள ரய் நகரில் அவர் வறுமையில் வாடினார். அந்த ஊர் சோதிடர் ஒருவருடன் ஒரு கணக்கைப் பற்றி வாதம் வந்தபோது, பிரூனியின் ஏழ்மையைச் சுட்டிக்காட்டி அவர் இகழ்ந்தாராம். பின்னாளில் பிரூனியின் நிலை உயர்ந்ததும் அதே மனிதர் நட்புக் கொண்டாட வந்தார். இதைப் பிரூனியே தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

அதே ரய் நகரில்தான் அவர் வானியல் அறிஞர் அல்குஜந்தியைச் சந்தித்தார். 994-இல் குஜந்தி அங்கே மலைச்சரிவில் மாபெரும் கோண அளவைக் கருவி ஒன்றைக் கட்டியிருந்தார். அதன் ஆரம் 40 முழம். அவ்வளவு பெரிய கருவியில் எடுத்த அளவும் சற்றுப் பிசகியிருந்தது. அவதானிப்பு நடந்த காலத்தில் கட்டடம் ஒரு சாண் அளவு கீழே இறங்கிவிட்டதே காரணம் என்று பிரூனி விளக்கினார். கருவி எவ்வளவு பெரியது என்பதோடு நின்றுவிடாமல், அது நிற்கும் தரை உறுதியானதா என்றும் கேட்பவர் அவர். இந்தக் குணம் அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

ஒரு கிரகணம், இரண்டு நகரங்கள்

ஓர் ஊரின் அட்சரேகையைச் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். கிழக்கு மேற்காக ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்ற தீர்க்கரேகைக் கணக்குதான் கடினம். அதற்கு இரண்டு ஊர்களின் நேர வித்தியாசம் தெரிய வேண்டும். தொலைபேசியும் துல்லியமான கடிகாரமும் இல்லாத காலத்தில் அதை எப்படி அறிவது?

சந்திர கிரகணம் அதற்கு உதவியது. நிலவு பூமியின் நிழலுக்குள் நுழையும் கணம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்தக் கணத்தில் ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர் நேரம் வேறாக இருக்கும். 997 மே 24 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பிரூனி காத் நகரில் இருந்து அவதானித்தார். முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, கணித மேதை அபுல் வஃபா பக்தாதில் இருந்து அதையே அவதானித்தார். இரண்டு நேரங்களையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று தெரிந்தது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது என்று கொண்டால், ஒரு மணி நேரம் என்பது 15 பாகை. நாடு இழந்து நின்ற ஓர் இளைஞரும், தலைநகரில் புகழோடு இருந்த ஒரு முதியவரும் கடிதத் தொடர்பின் மூலம் சேர்ந்து செய்த அளவை இது.

பிறகு காஸ்பியன் கடலோரம் உள்ள ஜுர்ஜான் நகரில் மன்னர் காபூஸின் ஆதரவு கிடைத்தது. பல்வேறு சமூகங்களின் நாட்காட்டிகளை விளக்கும் 'அல் ஆஸாருல் பாகியா' என்ற நூலை அங்கே சுமார் 1000-ஆம் ஆண்டில் மன்னருக்குக் காணிக்கையாக்கினார். அந்தப் பகுதியின் சமவெளியில் பூமியின் ஒரு பாகை நீளத்தை நேரடியாக அளந்து பார்க்கும் ஆசை அவருக்கு இருந்தது. இடத்தைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார். ஆனால் ஆட்களும் பொருளும் தருவார் இல்லாததால் திட்டம் கைவிடப்பட்டது.

கருவி இல்லாத நாளில்

சுமார் 1004-இல் குவாரிஸ்முக்குத் திரும்பிய பிரூனி, அங்கே மன்னர் மஃமூனின் அவையில் ஆலோசகராகவும் அரசுத் தூதராகவும் பணியாற்றினார். வாழ்க்கை நிலைபெற்றது என்று எண்ணிய வேளையில், 1017-இல் கிளர்ச்சியில் மன்னர் கொல்லப்பட்டார். கஸ்னாவின் சுல்தான் மஹ்மூத் படையெடுத்து வந்து நாட்டைக் கைப்பற்றினார். அவருடைய ஆசிரியர் அபூ நஸ்ர் உள்ளிட்ட அறிஞர்களோடு பிரூனியும் இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள கஸ்னாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

1018 அக்டோபர் 14 அன்று காபூலுக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில் அவர் இருந்தார். மனம் நொந்த நிலை. கையில் எந்தக் கருவியும் இல்லை. ஆனாலும் சூரியனின் உயரத்தை அளக்க விரும்பினார். கணக்குப் போடும் பலகையின் பின்பக்கத்தில் ஒரு வில்லை வரைந்து, பாகைக் கோடுகள் இட்டு, ஒரு தூக்குக் குண்டைக் கட்டிக்கொண்டார். அதை வைத்துச் சூரியனை அளந்து அப்பகுதியின் அட்சரேகையைக் கண்டுபிடித்தார். கொத்தனார் கையில் இருக்கும் தூக்குக் குண்டும் ஒரு பலகையும்தான் அன்று அவருடைய ஆய்வுக்கூடம்.

கஸ்னாவில் அவருக்கு நல்ல கருவிகள் கிடைத்தன. அந்த நகரின் அட்சரேகை 33 பாகை 35 கலை என்று அளந்தார். ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு கலை. இன்றைய அளவுக்கும் அவருடைய அளவுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மூன்று கலைகள்தான்.

கிப்லாவுக்காக ஒரு நூல்

1025-இல் அவர் எழுதி முடித்த நூல் 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்'. ஊர்களின் இருப்பிடத்தை வரையறுத்தல் என்பது அதன் சாரம். அக்காலப் புவியளவியல் நூல்களில் இதற்கு நிகரானது அரிது. கஸ்னாவின் இருப்பிடத்தைச் சரியாகக் கண்டறிந்து, அங்கிருந்து கிப்லா எந்தத் திசையில் இருக்கிறது என்று கணக்கிடுவதே இந்நூலின் மைய வேலை.

தொழுகையில் கஅபாவை நோக்க வேண்டும் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 144-ஆம் வசனம் இட்ட கட்டளை. மக்காவிலிருந்து பல நூறு காதம் தள்ளியிருப்பவர் அந்தத் திசையை எப்படி அறிவார்? அதற்கு மக்காவின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிய வேண்டும். தம் ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிய வேண்டும். பூமி உருண்டை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தத் தேவைதான் புவியளவியல் ஆய்வுக்கு மார்க்க ரீதியான நியாயம் என்று பிரூனி வாதாடினார். வணிகப் பயணங்களுக்கும் பாதைகளுக்கும் அது பயன்படும் என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை.

கஸ்னாவின் தீர்க்கரேகையை அறிய, பக்தாதில் தொடங்கி கஸ்னா வரை ஊர் ஊராகச் சங்கிலி போலக் கணக்குப் போட்டார். ரய், ஜுர்ஜானியா, பல்க் வழியாக ஒரு சங்கிலி. ஷீராஸ், சிஜிஸ்தான் வழியாகத் தெற்கே இன்னொன்று. வணிகக் கூட்டங்கள் சொல்லும் பாதை தூரத்தை எடுத்துக்கொண்டு, பாதை வளைந்து நெளிந்து செல்வதற்காக ஒரு பங்கைக் கழித்தார். கரடுமுரடான பாதை என்றால் இன்னும் அதிகமாகக் கழித்தார். ஒவ்வோர் இணை ஊர்களுக்கும் அட்சரேகையையும் தூரத்தையும் வைத்துத் தீர்க்கரேகை வித்தியாசத்தைக் கணக்கிட்டார். ஒரு வழியில் வந்த விடையை மற்ற வழியில் வந்த விடையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்.

இறுதியில் பக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் இடையே 24 பாகை 20 கலை என்று முடிவு செய்தார். இன்றைய அளவு 24 பாகைக்கு மிக நெருக்கம். இரண்டு நகரங்களுக்கும் இடையே மலையும் பாலையும் நிறைந்த இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். ஒட்டக வணிகர்கள் சொன்ன தூரத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருக்கமான விடையை எட்டியது சாதாரணம் அல்ல.

இதன்பின் கஸ்னாவின் கிப்லாவை ஒரே முறையோடு நிறுத்தாமல் வெவ்வேறு முறைகளில் கணக்கிட்டார். மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை தெற்கே என்பது விடை.

நந்தனா மலையும் பூமியின் ஆரமும்

பிரூனியின் பெயரைப் பரவலாக அறியச் செய்தது அவர் பூமியின் ஆரத்தை அளந்த நிகழ்வு. அதற்கு முன்பே, சுமார் 830-இல், அப்பாஸிய கலீஃபா மஃமூனின் ஆணைப்படி அறிஞர் குழுக்கள் சின்ஜார் சமவெளியில் பூமியை அளந்திருந்தன. ஒரு குழு வடக்கேயும் மற்றொரு குழு தெற்கேயும் தூரத்தை அளந்துகொண்டே சென்றது. துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும் வரை சென்று, எவ்வளவு தூரம் நடந்தோம் என்று கணக்கிட்டார்கள். 56 மைலும் மூன்றில் இரண்டு பங்கும் என்ற அளவு அதிலிருந்து வந்தது. அக்கால மைல் ஒன்று 4,000 முழம்.

அவ்வாறு ஆட்களைத் திரட்டிப் பாலைவனத்தில் நடக்க வசதி இல்லாத பிரூனி வேறு வழியைக் கையாண்டார். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உப்பு மலைத்தொடரில் நந்தனா கோட்டை இருக்கிறது. அங்கே தங்கியிருந்தபோது, பரந்த சமவெளியை ஒட்டி எழும் ஒரு மலையைக் கண்டார். முதலில் தரையில் இருந்தபடியே, சதுரப் பலகை ஒன்றின் வழியாக மலை உச்சியைப் பார்த்து, ஒப்புமை முக்கோணங்களின் உதவியால் மலையின் உயரத்தைக் கணக்கிட்டார். 652 முழம் சொச்சம் வந்தது.

பிறகு உச்சிக்கு ஏறினார். உயரமான இடத்தில் நின்று தொடுவானத்தைப் பார்த்தால், அது நம் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தெரியும். பூமி வளைந்திருப்பதே காரணம். அந்தத் தாழ்வுக் கோணம் 34 கலை என்று அளந்தார். முழு நிலவு நம் கண்ணுக்குத் தெரியும் அகலத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இந்தக் கோணத்தையும் மலையின் உயரத்தையும் கொண்டு பூமியின் ஆரம் 1,28,03,337 முழம் என்று கணக்கிட்டார்.

இந்த முறையைத் தாமே முதன்முதலில் கண்டுபிடித்ததாக அவர் எழுதவில்லை. கலீஃபா மஃமூனின் காலத்து அறிஞர் சனத் இப்னு அலீ கடலோர மலை ஒன்றில் இதே முறையைக் கையாண்டார் என்று தம் நூலில் குறிப்பிட்டு, முன்னோர்க்கு உரிய சிறப்பை அவர்களுக்கே கொடுத்திருக்கிறார்.

அளவு எவ்வளவு துல்லியம்?

'பிரூனி கண்ட பூமியின் ஆரத்துக்கும் இன்றைய அளவுக்கும் சில கிலோமீட்டர்தான் வித்தியாசம்' என்ற செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வருகிறது. பிள்ளைகளுக்குச் சொல்லும் முன் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முதலாவது, அவர் பயன்படுத்திய முழம் எத்தனை சென்டிமீட்டர் என்பதில் ஆய்வாளர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு முழத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடினால் பூமியின் ஆரத்தில் 128 கிலோமீட்டர் கூடிவிடும். ஆகவே 'சில கிலோமீட்டர்தான் வித்தியாசம்' என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது, 34 கலைக் கோணத்தில் ஒரே ஒரு கலை பிசகினாலும் விடை ஏறத்தாழ 6 சதவீதம் மாறும். அத்துடன் காற்று ஒளியை வளைப்பதால், தொடுவானம் இருக்கும் இடத்தைவிடச் சற்று உயரமாகத் தெரியும். இந்த விளைவு அக்காலக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

மூன்றாவது, கோண அட்டவணையில் கடைசி இலக்கம் முழுமையாக்கப்பட்டதாலும் மாற்றம் வருகிறது. அதே உயரத்தையும் அதே 34 கலையையும் இன்றைய கால்குலேட்டரில் போட்டால் ஒரு கோடியே 33 லட்சம் முழம் வரும். அவருடைய விடையைவிட இது 4 சதவீதம் அதிகம்.

இதையெல்லாம் சொல்வதால் பிரூனியின் மதிப்பு குறையப் போவதில்லை. ஒரு மனிதர் ஒரு மலையையும் ஒரு கருவியையும் மட்டும் வைத்துக்கொண்டு, பூமி முழுவதன் அளவைச் சில சதவீதப் பிழைக்குள் பிடித்துவிட்டார் என்பதே வியக்கத்தக்கது. அதைவிட முக்கியமானது, தம் விடையை அவர் எப்படிக் கையாண்டார் என்பது.

அவருடைய கணக்கின்படி ஒரு பாகை 56 மைலுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. மஃமூன் காலத்துக் குழுவின் அளவு அதைவிட முக்கால் மைல் போல அதிகம். இரண்டும் நெருங்கி வருவதால் மனம் நிம்மதி அடைந்தது என்று எழுதிய பிரூனி, அதன்பின் தம் அளவை ஒதுக்கிவிட்டு அந்தக் குழுவின் அளவையே ஏற்றுக்கொண்டார். அவர்களுடைய கருவிகள் நுட்பமானவை, அவர்கள் பட்ட சிரமமும் அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். சொந்தமாகக் கண்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு பெருமை பேச எல்லா வாய்ப்பும் இருந்தும், சோதித்துப் பார்க்கும் கருவியாக மட்டுமே அதை வைத்துக்கொண்டார். இன்று அவர் பெயரால் மிகைப்படுத்திப் பேசுவது அவருடைய வழிக்கே எதிரானது.

இந்தியாவும் இறுதி ஆண்டுகளும்

சுல்தான் மஹ்மூத் காலத்தில் பஞ்சாப் பகுதிக்கு வந்த பிரூனி சமஸ்கிருதம் கற்றார். இந்தியரின் கணிதம், வானியல், சமயம், பழக்கவழக்கம் ஆகியவற்றைப் பற்றி 1030-இல் எழுதி முடித்த நூல்தான் 'கிதாபுல் ஹிந்த்'. அங்கும் அவருடைய அளவைப் பணி ஓயவில்லை. பஞ்சாபிலும் காஷ்மீர் எல்லையிலும் பதினொரு ஊர்களின் அட்சரேகையை அளந்திருக்கிறார்.

மஹ்மூதுக்குப் பின் வந்த சுல்தான் மஸ்வூதுக்குக் காணிக்கையாக 'அல் கானூனுல் மஸ்வூதீ' என்ற வானியல் களஞ்சியத்தை எழுதினார். அதில் அறுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அட்டவணை உள்ளது. இந்த நூலுக்காகச் சுல்தான் ஒரு யானைச் சுமை வெள்ளி அனுப்பியதாகவும், தமக்கு அது தேவையில்லை என்று பிரூனி கருவூலத்துக்கே திருப்பி அனுப்பியதாகவும் வரலாற்றாசிரியர் யாகூத் எழுதியுள்ளார். நூறுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிய அவருக்கு, ரய் நகரில் வறுமைக்காக இகழப்பட்ட அந்த இளமைக் காலம் மறந்திருக்காது.

அவருடைய மரணப்படுக்கையைப் பற்றியும் யாகூத் ஒரு செய்தி தருகிறார். மூச்சுத் திணறிக் கிடந்த பிரூனியைப் பார்க்க வல்வாலிஜி என்ற சட்ட அறிஞர் வந்தார். முன்பு ஒருநாள் பேசிய, பாட்டிமார்க்குரிய வாரிசுப் பங்கு பற்றிய ஒரு சட்டக் கணக்கை மீண்டும் விளக்குமாறு பிரூனி கேட்டார். இந்த நிலையிலுமா என்று வந்தவர் இரங்கினார். இதை அறியாமல் உலகை விட்டுப் போவதைவிட அறிந்துகொண்டு போவது மேல் அல்லவா என்று பிரூனி பதில் சொன்னார். விளக்கத்தைக் கேட்டு, திரும்பச் சொல்லி மனதில் பதித்துக்கொண்டார். வல்வாலிஜி வெளியே வந்து தெருவில் நடக்கும்போதே வீட்டுக்குள்ளிருந்து அழுகுரல் கேட்டது. கஸ்னாவில், சுமார் 75 வயதில், அவருடைய வாழ்வு நிறைவடைந்தது.

நம் ஊரில் கிப்லா

பிரூனியின் கணக்கு நம் வாழ்க்கைக்கும் நேரடியாகப் பொருந்தும். தமிழகத்தில் 'மேற்கு நோக்கித் தொழுவது' என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் சென்னையில் கிப்லா நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே இருக்கிறது. காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 24 பாகை, கொழும்பில் ஏறத்தாழ 25 பாகை. கஸ்னாவாசிகள் மேற்கிலிருந்து தெற்கே திரும்ப, நாம் வடக்கே திரும்புகிறோம். ஊர் மாறினால் கோணமும் மாறும்.

புதிய பள்ளிவாசல் கட்டும்போதோ, பழைய பள்ளியில் ஸஃப் கோடுகளைத் திருத்தும்போதோ சில ஊர்களில் மனக்கசப்பு வந்துவிடுகிறது. எந்த அளவு வேறுபாடு தொழுகையைப் பாதிக்கும், எது பாதிக்காது என்ற மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கோணம் எவ்வளவு என்பதோ அளந்து அறிய வேண்டிய விஷயம். கைபேசித் திசைகாட்டி அருகில் இரும்புக் கம்பி இருந்தாலே தடுமாறும். ஆகவே ஒரு கருவியை மட்டும் நம்பாமல், ஊரில் உள்ள சர்வேயரை அழைத்து அளக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் மே 28 அன்று இந்திய, இலங்கை நேரப்படி பிற்பகல் 2.48 மணியளவிலும், ஜூலை 16 அன்று 2.57 மணியளவிலும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வரும். அந்த நேரத்தில் சூரியன் இருக்கும் திசையே கிப்லா. செங்குத்தாக ஒரு தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, அதன் நிழல் கோட்டைக் குறித்தால் போதும்.

வீட்டில் உள்ள பிள்ளைகளையும் அன்று அழைத்து வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு நாட்களில் குறித்த கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். பலகையும் தூக்குக் குண்டும் வைத்துச் சூரியனை அளந்த பிரூனியின் பாடம், புத்தகத்தைவிட அங்கே அவர்களுக்கு நன்றாகப் புரியும், இன்ஷா அல்லாஹ்.